தும்முகிற பெட்டி

என் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஸ்பீக்கருக்கு "யர்ஹமுகல்லாஹ்" சொல்வார்கள். சிரிக்காதீர்கள், சத்தியமாகத்தான் சொல்கிறேன். யாராவது தும்மினால், அல்லாஹ் உனக்கு இரக்கம் காட்டட்டும் என்று பதிலுக்குச் சொல்வது எங்களுக்குப் பால்குடி நாளிலிருந்து வந்த பழக்கம். தும்மியது மனுஷியா, கூரைக்குக் கீழே ஆணியில் தொங்கும் மலிவு ஸ்பீக்கரா என்று வாய் விசாரித்துக்கொண்டா நிற்கும்? படகோட்டி பஹ்ருன் மஞ்சள் சோற்றையும் விரால் துண்டையும் வாயில் வைத்தபடியே சொல்வான். அவனைக் கேட்டு அடுத்த மேசை சொல்லும்.

கட்டடம் ஜுலாக் மஸ்ரானியுடையது. எங்கள் பஞ்சார் பேச்சில் பெரியப்பாவை ஜுலாக் என்போம். அவர் எனக்கு எந்த வகையிலும் பெரியப்பா இல்லை. வீட்டுக்காரர், மரியாதைக்கு ஒரு முறை, அவ்வளவுதான். கீழே என் கடை, மேலே படியோரம் ஒரு அறை அவருக்கு, மிச்ச இரண்டு மாடியும் உழவாரக் குருவிக்கு. சம்பித் ஊரில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். கீழே மனுஷன் வாடகை கொடுத்து இருப்பான், மேலே குருவி வாடகை இல்லாமல் இருக்கும். அது எச்சிலால் கட்டும் கூட்டைச் சூப்புக்கு வாங்கிப்போக ஆள் வரும். ஆனால் குருவி சும்மா வந்துவிடாது. குருவிச் சத்தத்தைப் பதிவு செய்து, ஆம்ப்ளிஃபயரில் போட்டு, காலை முதல் இருட்டும்வரை ஓட்ட வேண்டும். அதைக் கேட்டு, இங்கே நம் ஜனம் இருக்கிறது என்று நம்பித்தான் உள்ளே நுழையும். இந்தத் தெருவில் யாரையாவது நம்பும் ஜீவன் அது ஒன்றுதான்.

ஜுலாக்கின் சத்தம் கடையில் வாங்கியதில்லை. கல்யாணமான புதிதில் இந்த மாடிக்கு முதல் ஜோடிக் குருவி தானாக வந்து கூடு கட்டியபோது, அவரும் அவர் மனைவி ருஸ்னாவும் பரணில் தூசிக்குள் குப்புறப் படுத்து, இரவல் ரெக்கார்டரில் பிடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவளுக்குக் கடைசியில் தும்மல் வந்துவிட்டது. ஜுலாக் திட்டித் தீர்த்தார். மறுபடி தும்மல் இல்லாமல் ஒன்று எடுத்து ஓட்டிப் பார்த்தால், ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை. தும்மலோடு ஓட்டினால் கூட்டமாக வந்து இறங்கின. ஏதோ தற்செயல் என்று நான் சொல்வேன். ஜுலாக்கிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி! அந்தத் தும்மலை வெட்ட அவருக்குக் கை வரவேயில்லை. கேசட் போய் பென் டிரைவ் வந்தபோதும் தும்மல் கூடவே வந்தது.

அந்த பென் டிரைவுக்கு அவர் நகல் எடுக்கவில்லை. "நகல்னு ஒண்ணு இருந்தா திருட்டுன்னு ஒண்ணு இருக்கும்" என்பார். என் கடையில் யாராவது ஃபோனை முகத்துக்கு நேரே தூக்கினால் போதும், "என்ன பதிவு பண்றே?" என்று வந்து நிற்பார். பள்ளிவாசலுக்குப் போனால் செருப்பைப் பைக்குள் போட்டுத் தொழுகைப் பாய்க்கு முன்னால் வைத்துக்கொள்வார். மீனை ஒரு கடையில் வாங்கி இன்னொரு கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். நான் மிளகாய் வறுத்தால், "எதுக்கு இவ்வளவு புகை? குருவியை விரட்டச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" என்று மேலிருந்து குரல் வரும். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. "ஆமா ஜுலாக், கவர்னர் சொல்லி அனுப்பினாரு" என்பேன். ஒரு வாரம் என் டீயை முகர்ந்து பார்த்துக் குடிப்பார்.

இப்படிப்பட்டவர் பெண்டாட்டியை மட்டும் நம்புவாரா? ருஸ்னாவின் தம்பி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குருவி வீடு கட்டினான். கட்டிய சூட்டோடு குருவி ஏறிவிட்டது. அங்கே பிடித்தது சனி. "எப்படி ஏறும்? நம்ம சத்தம் அங்க போயிருக்கு. நீதான் நகல் எடுத்துக் கொடுத்திருக்கே" என்றார். அவள் அழுதாள், சத்தியம் செய்தாள். "சத்தியம் பண்ற வாய்தான் பொய் சொல்லும்" என்றார். தலாக் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆசில் ருஸ்னா வெகுதூரம் போகவில்லை. சித்தி முறைக்கு நாங்கள் ஆசில் என்போம். தெருவைக் கடந்து எதிரே அவள் அப்பா விட்டுப்போன மர வீட்டுக்குப் போனாள். அதன் மேல்மாடியிலும் துளை போட்டு, ஸ்பீக்கர் மாட்டி, குருவிக்கு வீடு வைத்தாள். எதிரெதிர் வாசலில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே நாலு வருஷம் ஓட்டிவிட்டார்கள். ஈத் பெருநாளுக்குக்கூட சலாம் கிடையாது.

அவள் போன புதிதிலேயே இன்னொரு விஷயமும் நடந்தது. தும்மல் இரட்டையாகக் கேட்க ஆரம்பித்தது. சில நாள் ஒன்றன் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று வரும். சில நாள் இரண்டாவது தூங்கி எழுந்து வந்ததுபோல் மெதுவாக வரும். "எதிர்ச் சுவத்துல பட்டுத் திரும்புது" என்றார் ஜுலாக். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சொன்னால் அடிக்க வருவார். நாங்களும் எதிரொலி என்றே விட்டுவிட்டோம். பஹ்ருன் இரண்டு தடவை "யர்ஹமுகல்லாஹ்" சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். இந்த வருஷம் நோன்பு மாதத்திலிருந்து எதிரொலி நின்றுபோனது. ஒரு தடவை சொல்வது மிச்சம் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் பேய்மழை. மின்சாரம் போனது. திரும்பி வந்த வேகத்தில் என் கடை பல்பு டப்பென்று வெடித்தது. மறுநாள் வேறு பல்பு மாட்டி, அடுப்பு மூட்டி, சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது பஹ்ருன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, "என்னக்கா, இன்னிக்குத் தும்மல் வரலையே?" என்றான். அப்போதுதான் கவனித்தேன். தூரத்து வீடுகளில் கிச்கிச்சென்று சத்தம் வருகிறது. எங்கள் தலைக்கு மேலே வருவதைக் காணோம்.

ஜுலாக் மாடியிலிருந்து திடுதிடுவென்று இறங்கி வந்தார். முதலில் என் மிக்ஸியைப் பார்த்தார். "நீதானே இதைப் போட்டு லைனை இழுத்தே?"

"மிக்ஸி ஓடி ஒரு மாசமாச்சு ஜுலாக். நீங்கதான் அது உங்க கரண்டைத் தின்னுதுன்னு பிடுங்கிவிட்டீங்க."

பஹ்ருனைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க, எனக்குத் துடுப்பு பிடிக்கத்தான் தெரியும்" என்றான் அவன்.

அது குஞ்சுகள் பறக்கத் தொடங்கும் பருவம். கிழட்டுக் குருவி பழகிய வீட்டுக்கு வந்துவிடும். இளசுகள் எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே போகும். பஜார் முனையில் ஒரு பணக்கார வியாபாரி கான்கிரீட்டில் ஒரு கோபுரமே கட்டி வைத்திருக்கிறார். அங்கே புத்தம்புது பெட்டிகள் அலறுகின்றன. இந்தப் பருவத்தில் ஜுலாக் வீடு வாய்மூடிக் கிடந்தால் ஒரு தலைமுறையே அங்கே போய்விடும். பிறகு மேலே வெறும் பலகைதான். அந்த மனுஷனுக்குப் பிள்ளை இல்லை, பெண்டாட்டியை விரட்டியாகிவிட்டது. இருப்பது குருவி மட்டும்தான். அவர் ஆணியில் தொங்கிய ஸ்பீக்கரில் காதை வைத்து நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கேலி வாயிலேயே நின்றுவிட்டது.

ஆம்ப்ளிஃபயரைக் கைலியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, "ரிப்பேர்காரன்கிட்ட போறேன், நீயும் வா" என்றார்.

"நான் எதுக்கு?"

"நான் அவன் கையைப் பாப்பேன். நீ அவன் மேஜை டிராயரைப் பாரு. நல்ல சாமானை எடுத்துட்டுப் பழசை மாட்டிருவானுக."

ரேடியோ ரிப்பேர் பார்க்கும் வர்தோயோ ஜாவாக்காரன், பொறுமைசாலி. பெட்டியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். பிறகு பெட்டியை எங்கள் பக்கம் திருப்பினான். சர்க்யூட் பலகைமேல் பல்லி முட்டை ஓடுகள், பொரிந்து காலியாகிக் கிடந்தன. பக்கத்தில் எறும்பு கட்டிய மண். பென் டிரைவ் செருகும் வாய் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது.

"ஜுலாக், இது நேத்து மழையில போனதில்லை. ரொம்ப நாள் ஆச்சு. பல்லி வந்து முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, குடும்பத்தோட வீடு மாறிப் போயிருக்கு."

"வெளக்கு எரிஞ்சுதே!"

"வெளக்கு எரியும். சத்தம் போற பக்கம் செத்துப்போச்சு. இதுல காசைப் போடாதீங்க. இந்தப் பெட்டி வாங்கினப்பவே மலிவு. புதுசு ஒண்ணு வாங்கிருங்க."

ஜுலாக் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், பார்த்தாயா ஆரம்பித்துவிட்டான் என்பதுபோல. "புதுசு உன் கடையிலேயே இருக்குமே?"

"இங்க வேணாம், எங்க வேணாலும் வாங்குங்க. ஆனா அதுல எதைப் போட்டு ஓட்டுவீங்க? இந்த பென் டிரைவும் போச்சு." அவன் அதைப் பிடுங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகிக் காட்டினான். ஒன்றும் வரவில்லை. துடைத்துச் செருகினான். அப்போதும் இல்லை. இருந்த ஒரே பதிவு அதோடு போய்விட்டது.

"பொய்!" என்று ஜுலாக் மேஜையைத் தட்டினார். "மழைக்கு முந்தின நாள்கூட நான் கேட்டேன். தும்மல் கேட்டுச்சு. ஜலேஹா, நீ சொல்லு. கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு" என்றேன். கடையில் எல்லாரும் பதில் சொன்னார்களே.

"அப்ப இந்தப் பெட்டி பாடலைன்னா, எந்தப் பெட்டி பாடுச்சு?" என்று வர்தோயோ சாதாரணமாகத்தான் கேட்டான்.

எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது. தூங்கி எழுந்து வந்த அந்த எதிரொலி எதிர்வீட்டுப் பெட்டியுடையது! நாலு வருஷம் அதன் கீழேயே டீ ஆற்றியிருக்கிறேன், என் மரமண்டைக்கு எட்டவில்லை. ஜுலாக்குக்கும் உறைத்துவிட்டது. அவர் முகத்தில் கவலை எல்லாம் போய், ஒரு வெளிச்சம் வந்தது. ஜெயித்தவன் முகம். "நான் சொன்னேன்ல? அன்னிக்கே சொன்னேன்ல? நகல் எடுத்திருக்கா!" என்று எழுந்தார்.

நாங்கள் தெருவுக்குத் திரும்பும்போது மஃரிப் தொழுகைக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. குருவிகள் ஆற்றுப் பக்கமிருந்து வந்து எங்கள் கூரைக்கு மேலே வட்டமடித்தன. பெரியவை துளைக்குள் சரக்சரக்கென்று நுழைந்தன. இளசுகள் நுழையவில்லை. சுற்றின, இன்னொரு தடவை சுற்றின, பிறகு பஜார் கோபுரத்தின் பக்கம் திரும்பின. ஜுலாக் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தெருவைக் கடந்தார். நான் பின்னாலேயே போனேன், பஹ்ருன் தட்டோடு வந்தான்.

ஆசில் ருஸ்னா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க. பயப்படாதீங்க, யாரும் எடுக்க மாட்டாங்க."

ஜுலாக் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "என் சத்தம் உன் வீட்டுல ஓடுச்சா இல்லையா?"

"ஓடுச்சு."

அவள் மறுப்பாள் என்று தொண்டை நிறைய வசவோடு வந்த மனுஷன் அதை அப்படியே விழுங்கினார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார். "கேட்டீங்களா? ஒத்துக்கிட்டா! என்னைப் பைத்தியக்காரன்னீங்களே!"

"கத்தாதீங்க, முழுசா கேளுங்க" என்று ருஸ்னா கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க திருடின்னு சொன்னப்ப நான் எடுக்கலை. தலாக் சொல்லிட்டு, துணிமணியை எடுத்துட்டுப் போன்னு மாடிக்கு அனுப்புனீங்களே, அப்பத்தான் ஒரு நகல் எடுத்தேன். திருடின்னு பேர் வச்சு அனுப்புறீங்க. அந்தப் பேரையும் சுமந்துகிட்டு வெறுங்கையோட போக எனக்கென்ன தலையெழுத்தா? அதுல இருக்கிற குருவி உங்களது. வச்சுக்கங்க. தும்மல் என்னோடது. என் தும்மலைத்தான் நான் எடுத்துட்டு வந்தேன்."

பஹ்ருன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"உன் தம்பிக்கு?" என்றார் ஜுலாக். குரல் இறங்கிவிட்டது.

"அவன் பஜார்ல விக்கிறதை வாங்கி ஓட்டுறான். அதுல தும்மல் இருக்கான்னு போய்க் கேக்க வேண்டியதுதானே? நாலு வருஷமாச்சு. மீனை ரெண்டு தராசுல நிறுக்கிறீங்களே, ஒரு நாள் ஆத்தைத் தாண்டிப் போய் அவன் வீட்டு வாசல்ல நின்னு காதைக் கொடுத்தீங்களா?"

ஜுலாக் ஆற்றுப் பக்கம் பார்த்தார். போனதில்லை. பஹ்ருனின் படகு தினமும் அக்கரைக்குப் போய் வருகிறது. ஒரு நாள் அவர் ஏறியதில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சோதித்த மனுஷன், இதை மட்டும் சோதிக்காமலே ஒருத்தியை வெளியே அனுப்பியிருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அந்த வெங்காயக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்திருப்பேன். அதே சமயம் பாவமாகவும் இருந்தது, என்ன செய்ய?

"உங்க பெட்டி நோன்பு மாசத்துலயே செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்" என்றாள் ருஸ்னா.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நான்தான் கெடுத்தேன்னு சொல்லியிருப்பீங்க."

நான் தலையாட்டினேன். சொல்லியிருப்பார்.

"என் பெட்டியில சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சேன், அவ்வளவுதான்."

"எதுக்குக் கூட்டினே?" ஜுலாக்கின் கண் மறுபடி சுருங்கியது. "எனக்கு உதவி பண்றதுல உனக்கு என்ன லாபம்?"

"என் குருவிக்குக் கேக்கணுமேன்னு கூட்டினேன். போங்க!" என்று அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய பெட்டிதான் மழையன்று மின்சாரம் அடித்துப் போயிருந்தது. மறுநாள் வர்தோயோ என் கடைக்கே வந்து இரண்டு பெட்டியையும் மேசைமேல் திறந்து வைத்தான். ஜுலாக் ஒரு பக்கம், ருஸ்னா எதிர்ப்பக்கம், நடுவில் அவன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. ருஸ்னாவின் பெட்டியில் கரண்ட் வாங்கும் பக்கம் கருகியிருக்கிறது, சத்தம் போகும் பக்கம் நன்றாக இருக்கிறது. ஜுலாக்கின் பெட்டியில் நேர் எதிர். ருஸ்னாவின் பென் டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ரெண்டையும் தூக்கிப் போடுங்க. ஆளுக்கொரு புதுப்பெட்டி வாங்குங்க. இந்த பென் டிரைவை நான் ஒரு நகல் எடுத்துத் தர்றேன். வேலை முடிஞ்சுது" என்றான்.

"நகல் எடுக்கக் கூடாது" என்றாள் ருஸ்னா.

"ஏன் ஆசில்?"

"நகல் எடுத்ததுக்குத்தான் எனக்குத் தலாக். இனிமே யாருக்கும் ஒரு நகல் எடுத்துத் தர மாட்டேன். அவருக்கே ஆனாலும் தர மாட்டேன். அவர் வச்ச சட்டம்தானே?"

எல்லாரும் ஜுலாக்கைப் பார்த்தோம். அவர் வர்தோயோவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சொன்னால் நம்ப மாட்டீர்கள், என்னையும் பார்த்தார், நான் ஏதாவது வழி சொல்வேன் என்று. "எனக்கு டீ ஆத்தத்தான் தெரியும்" என்றேன். கடைசியில், "அது என் சட்டம்தான்" என்றார்.

நகல் இல்லையென்றால் ஒரே பதிவு. ஒரே பதிவு என்றால் ஒரே பெட்டிதான். இரண்டு செத்த பெட்டியிலிருந்து வர்தோயோ ஒரு உயிருள்ள பெட்டி செய்தான். அதை ஜுலாக் வீட்டில் வைக்க ருஸ்னா சம்மதிக்கவில்லை. ருஸ்னா வீட்டில் வைக்க ஜுலாக்குக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே என் கடைச் சுவர் அலமாரியில் வைத்தார்கள். என் சர்க்கரை டப்பாவுக்கு இருந்த இடமும் போனது, கேட்க நாதியில்லை. அலமாரிக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. அங்கிருந்து ஒரு ஒயர் மேலே போகிறது, இன்னொரு ஒயர் தெருவைத் தாண்டிப் போகிறது.

இப்போது இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் தும்மல் வருகிறது. சாயங்காலமானால் ஜுலாக் தன் பூட்டை இழுத்துப் பார்க்க வருவார். அவர் வந்திருக்கிறாரே, என்ன செய்கிறாரோ என்று ஆசில் ருஸ்னா தன் பூட்டை இழுத்துப் பார்க்க வருவாள். வந்த பிறகு டீ குடிக்காமல் போக முடியுமா? அவர் சுவரோரம், அவள் வாசலோரம். பேச்சு இல்லை. கண் மட்டும் பூட்டில்.

பெட்டி ஓட ஆரம்பித்த வாரத்தில் ஒரு சாயங்காலம். வானம் முழுக்கக் குருவி. இளசுகள் எங்கள் கூரையை ஒரு சுற்று சுற்றின, பாதி இந்தப் பக்கத் துளைக்குள்ளும் பாதி அந்தப் பக்கத் துளைக்குள்ளும் நுழைந்தன. ஜுலாக் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தும்மல் வந்தது. பஹ்ருன் வாய் நிறையச் சோறு வைத்திருந்ததால் சொல்லத் தாமதமானது. அதற்குள் வேறொரு குரல், "யர்ஹமுகல்லாஹ்" என்றது.

ஜுலாக்தான். இத்தனை வருஷத்தில் அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "மெஷினுக்கு எதுக்குடா துஆ?" என்று எங்களை ஏசுகிறவர். ருஸ்னா டம்ளரைக் கீழே வைத்துத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பழைய தும்மல்" என்றாள்.

"தெரியும்" என்றார். கண் டீயில் இருந்தது. "அன்னிக்குச் சொல்லலை. திட்டிட்டேன்."

அவள் எழுந்து போய்த் தன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவர் பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து போனாள்.